கடும் ஒவ்வாமை: பெருகும் இடரும் எளிய தீர்வும்

2021ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் நம் நாட்டில் கொரோனா தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொருவரும் அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். வரிசையில் நின்று களைத்த பலருக்கு இது வீண் தாமதமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்த அரை மணி நேரத்திற்குப் பின்னே ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட மருத்துவ அனுபவம் இருக்கிறது. மிக அரிதாகச் சிலருக்கு ஏற்படக்கூடிய கடும் ஒவ்வாமை பெரும்பாலும் நிமிடங்களில் தலைகாட்டிவிடும். அவ்வேளையில் உரிய மருந்தும் அதைச் செலுத்தத் தெரிந்த ஒருவரும் அருகில் இருப்பின் உயிரைக் காத்துவிடலாம். இல்லையெனில் இழக்கவும் நேரலாம். தடுப்பூசிக் கூடத்தில் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு பள்ளியிலும் வயலிலும் உணவகத்திலும் இல்லை என்பதே இன்று சிந்திக்க வேண்டியதாகும்.

ஒவ்வாமை என்பது யாது?

1901ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்கள் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே ஆகிய இருவரும் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் சென்று கடல்வாழ் உயிரினங்களின் நஞ்சை ஆராய்ந்தனர். நஞ்சைச் சிறிதளவு செலுத்திப் பழக்கினால் நாய்களின் உடல் அதைத் தாங்கும் வலிமை பெறும் என்பது அவர்களது எதிர்பார்ப்பு. நேர்ந்ததோ அதற்கு மாறானது. முதன்முறை நஞ்சைத் தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்களுக்குப் பின் மிகக் குறைந்த அளவு செலுத்தியதும் அரை மணி நேரத்திற்குள் மடிந்தது. பாதுகாப்புக்கு நேர்மாறான இந்நிலைக்கு அவர்கள் 1902இல் ‘அனஃபிலாக்சிஸ்’ எனப் பெயரிட்டனர். இதற்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தீங்கற்ற ஒரு பொருளைப் பகையெனத் தவறாகக் கருதுவதே ஒவ்வாமையின் அடிப்படை. அப்பொருளுக்கு எதிராக இம்யூனோகுளோபுலின்-இ என்னும் எதிர்ப்புரதம் உண்டாகி, தோலிலும் மூச்சுக்குழலிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மீது ஒட்டிக் காத்திருக்கிறது. அதே பொருள் மீண்டும் உடலுக்குள் நுழையும்போது அச்செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. இரத்தக்குழாய்கள் விரிந்து கசிகின்றன; இரத்த அழுத்தம் சரிகிறது; மூச்சுக்குழல் சுருங்குகிறது.

உடலெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், தொண்டை இறுகுதல், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்குத் தோலில் எவ்வித மாற்றமும் இன்றியே மூச்சடைப்போ மயக்கமோ நேரலாம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நிலக்கடலை, முந்திரி, பால், முட்டை, மீன், இறால் போன்ற உணவுகளும், தேனீ, குளவி ஆகியவற்றின் கொடுக்கும், பெனிசிலின், வலிநீக்கிகள் போன்ற மருந்துகளும் இதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றன.

பெருகுவது ஏன்?

பிரிட்டனில் உணவினால் நேரும் கடும் ஒவ்வாமைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் 1998இல் இலட்சம் பேருக்கு 1.23 ஆக இருந்தனர். 2018இல் இவ்வெண்ணிக்கை 4.04 ஆக உயர்ந்தது. இருபது ஆண்டுகளில் மும்மடங்குக்கு மேற்பட்ட உயர்வு இது. நோயை இனங்காணும் திறன் வளர்ந்திருப்பது இதற்கு ஓரளவே காரணம். குறுகிய காலத்தில் மனிதனின் மரபணு மாறிவிடாது. ஆகவே மாறியது வாழ்க்கை முறையே எனக் கொள்ளலாம்.

1989இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ராக்கன், மூத்த உடன்பிறந்தோர் பலர் உள்ள குழந்தைகளுக்குத் தும்மல் ஒவ்வாமை குறைவாக இருப்பதைக் கண்டார். ஜெர்மனி ஒன்றுபட்டபின் நடந்த ஆய்வுகளில், காற்று மாசு மிகுந்த கிழக்கு நகரங்களான லைப்சிக், ஹாலே ஆகியவற்றின் சிறுவர்களைவிட மேற்கே மியூனிக் நகரச் சிறுவர்களிடமே தும்மல் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் மிகுந்திருந்தன. 2016இல் அமெரிக்காவில் ஒரே மரபுவழியினரான இரு வேளாண் சமூகங்களை ஒப்பிட்டனர். தொழுவத்தருகே கால்நடைகளோடு வளரும் ஆமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா 5.2 விழுக்காடு, இயந்திர வேளாண்மைக்கு மாறிய ஹட்டரைட் குழந்தைகளில் 21.3 விழுக்காடு. மண்ணிலும் கால்நடையிலும் உள்ள தீங்கற்ற நுண்ணுயிர்களோடு இளமையில் பழகாத உடல், பகை எது நட்பு எது எனப் பிரித்தறியத் தவறுகிறது என்பதே இவற்றிலிருந்து பெறப்படும் கருத்து.

இதைக் கொண்டு கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் வேண்டாதவை என்று முடிவுகட்டுவது பெரும் பிழையாகும். உடலைப் பழக்கும் நுண்ணுயிர்கள் வேறு. வயிற்றுப்போக்கையும் காலராவையும் உண்டாக்கும் கிருமிகள் வேறு. தூய்மையைக் கைவிட்டுப் பெறக்கூடிய நன்மை எதுவும் இல்லை.

உணவு ஒவ்வாமையில் கொள்கை வகுப்போர் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை நிலக்கடலை தரலாகாது என 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்தியது. நல்லெண்ணத்தில் பிறந்த இந்த அறிவுரை உரிய சான்றின்மையால் 2008இல் கைவிடப்பட்டது. பின்னர் இலண்டனில் இத்தகைய வாய்ப்புள்ள 640 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2015இல் வெளியான ஆய்வு உண்மையைத் தெளிவாக்கியது. நிலக்கடலையைத் தவிர்த்த குழந்தைகளில் ஐந்து வயதில் 17.2 விழுக்காட்டினருக்கு அதன் ஒவ்வாமை ஏற்பட்டது. முதல் வயதிலிருந்தே உண்டவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கு மட்டுமே ஏற்பட்டது. ஓர் உணவு குடலின் வழியே முதலில் அறிமுகமானால் உடல் அதை ஏற்கிறது. கரப்பான் கண்ட தோலின் வழியே அறிமுகமானால் பகைக்கிறது என அறிஞர்கள் விளக்குகின்றனர்.

மருந்துகளின் பயன்பாடு பெருகியிருப்பதும் புறக்கணிக்கத்தக்கதன்று. அமெரிக்காவில் 1999 முதல் 2010 வரை கடும் ஒவ்வாமையால் நேர்ந்த 2,458 இறப்புகளில் 58.8 விழுக்காடு மருந்துகளால் நிகழ்ந்தவை. உணவால் நிகழ்ந்தவை 6.7 விழுக்காடே.

நம் நாட்டு நிலை

கர்நாடகத்தில் நடந்த ஓர் ஆய்வில், உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் எனக் கருதத்தக்க வயதுவந்தோர் 1.2 விழுக்காட்டினரே. ஆயினும் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் ஏதோ ஓர் உணவுக்கு எதிரான எதிர்ப்புரதம் இரத்தத்தில் காணப்பட்டது. விகிதம் சிறியதாயினும் மக்கள்தொகை பெரிது. எனவே எண்ணிக்கையும் பெரிதே. நகரமயமாதலும் பொட்டல உணவும் பரவிவரும் இக்காலத்தில் மேலை நாடுகளின் அனுபவம் நமக்கு ஓர் எச்சரிக்கையாகும்.

பொட்டல உணவுகளில் பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, பசைப்புரதமுள்ள தானியங்கள் முதலியவை இருப்பின் அதனை உறையில் குறிப்பிட வேண்டும் என 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் வகுத்துள்ளன. எனினும் தெருவோரக் கடையின் சட்னியில் என்ன அரைக்கப்பட்டது என்பதை எந்த உறையும் சொல்லாது. மருத்துவரின் சீட்டின்றி மருந்து வாங்கும் வழக்கமும், முன்பு ஒவ்வாமல் போன மருந்தின் பெயரை நினைவில் வைக்காத வழக்கமும் இடரை மேலும் பெருக்குகின்றன.

மருந்து மலிவு, நேரம் அரிது

இந்நோய்க்கு முதன்மையான மருந்து அட்ரினலின். விரிந்த இரத்தக்குழாயைச் சுருக்கி, சுருங்கிய மூச்சுக்குழலை விரித்து, அது நோயின் போக்கை மாற்றுகிறது. வயதுவந்தோர்க்கு 0.5 மில்லிகிராம் அளவில் தொடையின் வெளிப்புறத் தசையில் செலுத்தப்படுகிறது. பயனில்லையெனில் ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் செலுத்தலாம். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடலாகாது. மூச்சுத் திணறல் மிகுந்தவரை மட்டும் சாய்த்து உட்காரவைக்கலாம். அரிப்பை அடக்கும் மாத்திரைகள் அட்ரினலினுக்கு மாற்றாகா. அவற்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதால் உயிர்கள் வீணாகின்றன.

பொருளியல் பயின்ற இக்கட்டுரையாளருக்கு வியப்பளிப்பது இம்மருந்தின் விலையே. தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ள அட்ரினலின் குப்பி ஒன்றின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவைவிடக் குறைவு. தானே செலுத்திக்கொள்ளும் ஊசிக்கருவி மேலை நாடுகளில் பரவலாக உள்ளது. நம் நாட்டில் அது அரிது, விலையும் மிகுதி. எனவே பற்றாக்குறை பணத்தில் அன்று. அறிவிலும் ஆயத்தத்திலுமே உள்ளது. பிரிட்டனில் நோயாளிகள் மும்மடங்காகப் பெருகியபோதும் அவர்களுள் இறப்போரின் விகிதம் குறைந்தது என்பது, ஆயத்தத்தால் எய்தக்கூடியது என்ன என்பதற்குச் சான்றாகும்.

நமது தடுப்பூசித் திட்டத்தில் கிராம செவிலியர்க்கு அட்ரினலின் பெட்டி தரப்பட்டு, தேவைப்படின் முதல் ஊசியைத் தாமே செலுத்தப் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. சீரிய இந்த முன்மாதிரியைத் தடுப்பூசி நாளோடு நிறுத்திவிடலாகாது. ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் காலாவதியாகாத குப்பி இருப்பதை உறுதிசெய்தல், அறிகுறிகளை ஆசிரியர்க்கும் சத்துணவுப் பணியாளர்க்கும் கற்பித்தல், ஒவ்வாத மருந்தின் பெயரை எழுதிய அட்டையை நோயாளியிடம் தருதல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை. தடுப்பூசிக் கூடத்தில் காத்திருந்த அந்த அரை மணி நேரம் கற்பித்த பாடத்தை ஊர்தோறும் நடைமுறைப்படுத்தினால், குளவி கொட்டிய உழவரும் பள்ளியில் மயங்கி விழும் சிறுமியும் உயிர் பிழைக்க வழி பிறக்கும்.