கையேட்டில் இல்லாத 105 கட்டளைகள்.. பழைய நிண்டெண்டோ சிப்புக்குள் வந்தது எப்படி?

பழைய வீடியோ கேம்களை எமுலேட்டர் மூலம் மொபைலில் விளையாடுபவரா நீங்கள்? அவற்றில் சில கேம்கள், சிப் நிறுவனம் தன் கையேட்டில் குறிப்பிடாத கட்டளைகளைப் பயன்படுத்துகின்றன. அந்தக் கட்டளைகள் எங்கிருந்து வந்தன? வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

என்ன சிப் இது?

நிண்டெண்டோவின் கேம் கன்சோல் 1983-ல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரில் வெளியானது. 1985-ல் அமெரிக்காவுக்கு என்.இ.எஸ். என்ற பெயரில் வந்தது. இதன் மூளை, ரிக்கோ நிறுவனம் தயாரித்த சிப். 1975-ல் எம்.ஓ.எஸ். டெக்னாலஜி வெளியிட்ட 6502 பிராசஸர்தான் இதற்கு அடிப்படை.

இந்தச் சிப்புக்கு ஒவ்வொரு கட்டளையும் ஓர் எண்தான். 0 முதல் 255 வரை மொத்தம் 256 எண்கள். கையேட்டில் இருப்பவை 151 மட்டுமே. மீதி 105 எண்களைக் கொடுத்தால் என்ன நடக்கும்? அதற்குக் கையேட்டில் பதில் இல்லை.

ரகசியமா ஒளிச்சு வச்சாங்களா?

அப்படி இல்லை. 6502-ல் இருந்தவை சுமார் 3,500 டிரான்சிஸ்டர்கள்தான். 25 டாலருக்கு விற்கப்பட்ட மலிவான சிப் அது. தவறான எண் வந்தால் தடுத்து நிறுத்த அதில் தனி சர்க்யூட் கிடையாது. வந்த எண்ணின் பிட்டுகளைப் பார்த்து, அதற்கேற்ற பாகங்கள் வேலையைத் தொடங்கிவிடும்.

உதாரணமாக, 165 என்றால் மெமரியில் உள்ள மதிப்பை 'ஏ' ரெஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். 166 என்றால் 'எக்ஸ்' ரெஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். பைனரியில் 165-ன் கடைசி இரண்டு பிட் 01, 166-க்கு 10. அப்போ 167? அதன் முடிவு 11. இரண்டு சுவிட்சையும் ஒன்றாகத் தட்டியது மாதிரி, ரெண்டு ரெஜிஸ்டரிலும் அதே மதிப்பு ஏறிவிடும்! இதற்கு புரோகிராமர்கள் வைத்த பெயர் 'லாக்ஸ்'.

இதனால் என்ன லாபம்?

கையேட்டின்படி செய்தால் 'ஏ'வில் ஏற்றி, பிறகு 'எக்ஸ்'-க்கு நகல் எடுக்க வேண்டும். மொத்தம் 3 பைட், 5 கிளாக் சைக்கிள். லாக்ஸ் போட்டால் 2 பைட், 3 சைக்கிள் போதும்.

2 சைக்கிள் பெரிய விஷயமா? அமெரிக்க, ஜப்பான் மாடல்களில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பதே சுமார் 29,780 சைக்கிள்தான். எதிரிகளை நகர்த்துவது, மோதலைக் கணக்கிடுவது, இசை என எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

ஆபத்தும் உண்டு

105-ல் 12 எண்கள் சிப்பை அப்படியே உறைய வைத்துவிடும். ரீசெட் செய்தால்தான் மறுபடி ஓடும். 139 என்ற எண்ணின் விளைவு சிப்புக்குச் சிப் மாறும். வெப்பநிலையைப் பொறுத்தும் மாறலாம். 6502-க்குப் பின் வந்த 65சி02 சிப்பில் லாக்ஸ் வேலையே செய்யாது. கையேட்டில் தராத வாக்கை நிறுவனம் ஏன் காப்பாற்றணும்?

இன்று ஏன் முக்கியம்?

1991-ல் வந்த 'சூப்பர் கார்ஸ்' கேமில் லாக்ஸ் உண்டு. 1990-ல் வந்த 'டைனோவார்ஸ்' முதல் லெவலில் டைனோசர் முஷ்டியை வீசும்போது 218, 250 ஆகிய எண்கள் வரும். என்.இ.எஸ். சிப் இவற்றுக்கு எதுவும் செய்யாமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். ஆனால் கையேட்டை மட்டும் பார்த்து எழுதிய எமுலேட்டர் அந்த இடத்தில் தடுமாறலாம்.

பழைய கன்சோல்கள் பழுதாகிக்கொண்டே போக, இந்த கேம்கள் எமுலேட்டர்களை நம்பித்தான் இருக்கின்றன. அதனால்தான் உண்மையான சிப்பின் நடத்தையையே ஆராய்கிறார்கள். 'விஷுவல் 6502' குழு சிப்பைத் திறந்து படமெடுத்து, ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் கம்ப்யூட்டரில் இயக்கிக் காட்டியது. 'நெஸ்டெஸ்ட்' என்ற சோதனை புரோகிராம் கையேட்டில் இல்லாத கட்டளைகளையும் சரிபார்க்கிறது.

எனவே, பழைய கேம் ஒன்று குறிப்பிட்ட ஒரே இடத்தில் மட்டும் நின்றுபோனால், ஃபைல் கெட்டுப்போச்சுன்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க. வேறொரு எமுலேட்டரில் போட்டுப் பாருங்க. முதல் எமுலேட்டருக்கு அந்த எண் தெரியாமல்கூட இருந்திருக்கலாம்.