அறுவைக்குப் பிறகு கை விளங்காதா?

"மார்புல கட்டின்னு ஆஸ்பத்திரிக்குப் போனா அறுத்துடுவாங்க. அறுத்துட்டா அந்தக் கை விளங்காது. கை போனா வேலை போச்சு." பெரட்டுக் களத்திலும் குழாயடியிலும் இந்தப் பேச்சைக் கேட்காத பெண்கள் குறைவு. நம் சகோதரிகள் பலரைக் கட்டியை மறைத்து வைக்கச் செய்வது இந்தப் பேச்சுத்தான். பால் வெட்டானாலும், செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கி மூட்டை தூக்குவதானாலும், நமக்குக் கைதானே மூலதனம்! பயம் நியாயமானது. ஆனால் பேச்சு சரியா?

பாதி சரி. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும்போது, அக்குளில் நெறி கட்டும் இடத்திலுள்ள சுரப்பிகளையும் சிலருக்கு எடுப்பார்கள். கையிலிருந்து திரும்பும் நிணநீர் அந்த வழியாகத்தான் வடிய வேண்டும். வழி குறைந்தால் கை வீங்கலாம். எல்லாருக்கும் வராது, வருகிறவர்களுக்குச் சில வருஷம் கழித்தும் வரும். இதற்குப் பயந்துதான் அந்தக் காலத்து டாக்டர்கள், "பளு தூக்காதே, கைக்கு வேலை கொடுக்காதே" என்று சொல்லி அனுப்பினார்கள்.

1996-ல் கனடாவின் வான்கூவர் நகரில் டான் மெக்கென்ஸி என்ற விளையாட்டு மருத்துவர் இதைச் சோதித்துப் பார்க்க இறங்கினார். சிகிச்சை முடிந்த 24 பெண்களைச் சேர்த்து, கொஞ்சங்கொஞ்சமாகப் பயிற்சி கொடுத்து, டிராகன் படகில் ஏற்றினார். பினாங்கு விழாவில் பார்த்திருப்பீர்களே, அதே படகு: 20 பேர் துடுப்புப் போட, ஒருவர் முரசு அடிக்க, ஒருவர் சுக்கான் பிடிக்க! தோளும் கையும் ஓயாமல் உழைக்கும் வேலை அது. ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. அதோடு அந்தப் பெண்கள் படகையும் விடவில்லை.

2009-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இன்னும் ஒரு படி போனது. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களில் ஒரு பாதிப்பேருக்கு, மேற்பார்வையோடு மெல்ல மெல்லப் பளு தூக்கப் பழக்கினார்கள். அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாகும் தொல்லையும் குறைந்தது.

இன்று சிங்கப்பூரிலும் நம் நாட்டிலும், நோயிலிருந்து மீண்ட பெண்களின் படகு அணிகள் உண்டு. நிதி திரட்டும் விழாக்களில் இளஞ்சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு துடுப்புப் போடுவார்கள். பாட்டிமார்களும் இருப்பார்கள்! இவர்களுடைய பெரிய அனைத்துலக விழாக்களில் போட்டி முடிந்ததும் படகுகளை ஒன்றாகச் சேர்த்து, மறைந்த தோழியரை நினைத்துத் தண்ணீரில் பூ வீசுவது வழக்கம். இந்த நோயில் எல்லாரும் பிழைப்பதில்லை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. எனக்கு அவர்கள்மேல் மதிப்புக் கூடியது அதனால்தான்.

இதை வைத்து, தையல் பிரித்த மறுநாளே பால் வாளியைத் தூக்கிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் சொல்லித்தரும் பயிற்சியோடு தொடங்க வேண்டும்: தலை வாருவது, சுவரில் விரலை வைத்து மெல்ல மேலே ஏற்றுவது. பளு பிறகு, படிப்படியாக. அந்தக் கையில் வெட்டுக்காயமோ பனை முள்ளோ படக்கூடாது, கையுறை போடுங்கள். மருந்துத் தோம்பின் வார் அந்தத் தோளை அழுத்த வேண்டாம். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே கிளினிக் போக வேண்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பது ஆகாது.

இன்னொன்று. கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்தால், பெரும்பாலும் ஒன்றிரண்டு சுரப்பிகளை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதும். கை வீங்கும் அபாயமும் குறைவு. கையைக் காப்பாற்ற எண்ணிக் கட்டியை மறைப்பவருக்குத்தான் அக்குள் முழுவதும் அறுக்க வேண்டி வருகிறது. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் பதிவேட்டின்படி, மலேசியாவில் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 3-ம், 4-ம் கட்டத்தில்தான் டாக்டரிடம் வந்திருக்கிறார்கள். வலிக்கவில்லை என்று விடாதீர்கள்; இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. தோல் குழிவது, காம்பு உள்ளே இழுப்பது, காம்பில் ரத்தம், அக்குளில் கட்டி, இவற்றில் எது கண்டாலும் காட்டிவிட வேண்டும். வீட்டுக்காரர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வேலையைப் பற்றி: தீபகற்பத்தில் 2023 ஜனவரி முதல், ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற வருஷத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு, சாதாரண எம்.சி. நாள்கள் இதில் கழியாது. திரும்பும்போது இலகுவான வேலை வேண்டுமென்றால் டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். ஒரு நகலைக் கிராணியிடமும் இன்னொன்றைக் கிளைச் செயலாளரிடமும் கொடுத்துவிட்டு, அசலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.