கரியும் ஆர்ஸெனிக்கும்: ஒரு முப்பிணைப்பின் வரலாறு

பற்றவைப்புப் பட்டறைகளில் எரியும் அசெட்டிலீன் வாயுவில் இரு கரி அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இணைந்துள்ளன. ஹைட்ரஜன் சயனைடில் கரியும் நைட்ரஜனும் அவ்வாறே இணைந்திருக்கின்றன. ஆவர்த்தன அட்டவணையில் நைட்ரஜனுக்குக் கீழே பாஸ்பரஸும் அதற்குக் கீழே ஆர்ஸெனிக்கும் இடம்பெறுகின்றன. இம்மூன்று மூலகங்களின் அணுக்களிலும் வெளிக்கூட்டில் ஐந்து எலெக்ட்ரான்களே உள்ளன. எனினும், கரியுடன் ஆர்ஸெனிக் முப்பிணைப்புக் கொள்வது மிக அரிது.

இதற்குக் காரணம் அணுவின் பருமனே. முப்பிணைப்பில் ஒன்று, இரு அணுக்களையும் சேர்க்கும் நேர்கோட்டில் அமைவது. மற்ற இரண்டும் எலெக்ட்ரான் மண்டலங்கள் பக்கவாட்டில் ஒன்றன்மேலொன்று படிவதால் உண்டாவன. கரி-நைட்ரஜன் முப்பிணைப்பின் நீளம் 1.16 ஆங்ஸ்ட்ராம், கரி-பாஸ்பரஸுக்கு 1.54, கரி-ஆர்ஸெனிக்கிற்கு ஏறத்தாழ 1.65. இடைவெளி பெருகப் பெருக, பக்கவாட்டுப் படிவு தளர்கிறது. அத்தகைய மூலக்கூறுகள் அருகிலுள்ள தம் இனத்தோடு ஒற்றைப் பிணைப்புகளால் கோத்துக்கொண்டு உருமாறிவிடுகின்றன. ஆகவே, இரண்டாம் வரிசைக்குக் கீழுள்ள மூலகங்கள் பன்மடிப் பிணைப்புக் கொள்ளா என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது.

1961ஆம் ஆண்டில் கீயர் என்பார், ஹைட்ரஜன் சயனைடை ஒத்த பாஸ்பரஸ் பொருளைத் தயாரித்தார். அது கடுங்குளிரில் மட்டுமே நிலைத்தது. 1981இல் ஜெர்மனியில் பெக்கர் குழுவினர், டெர்ஷியரி-பியூட்டைல் என்னும் பருத்த தொகுதியை அம்முப்பிணைப்பின் கரியோடு இணைத்து, சாதாரண வெப்பநிலையிலும் நிலைக்கும் பொருளைப் பெற்றனர். 1986இல் அந்நாட்டின் மார்க்கல், செய்ப்கா ஆகிய இருவரும் ஆர்ஸெனிக் முப்பிணைப்புடைய முதல் நிலையான பொருளை அறிவித்தனர். இவ்வினத்திற்கு ஆர்ஸா-ஆல்கைன்கள் என்று பெயர்.

அப்பொருளில் முப்பிணைப்பின் கரி ஒரு பென்ஸீன் வளையத்தோடு சேர்ந்துள்ளது. வளையத்தின் 2, 4, 6ஆம் இடங்களில் மூன்று டெர்ஷியரி-பியூட்டைல் தொகுதிகள் உள்ளன. அவற்றுள் 2, 6ஆம் இடத்தவை முப்பிணைப்பின் இருமருங்கும் நிற்கின்றன. இளங்கன்றைச் சுற்றி இடும் வேலி ஆடுமாடுகளைத் தடுப்பதுபோல், இவை பிற மூலக்கூறுகள் நெருங்காதபடி தடுக்கின்றன. பிணைப்பு வலுப்பெற்றுவிடவில்லை, அதற்குக் காப்பு கிடைத்தது, அவ்வளவே.

எனவே ஆசிரியர்கள் பழைய விதியை அடியோடு தள்ள வேண்டுவதில்லை. "இயலாது" என்பதற்கு மாறாக, "காப்பின்றி நிலைப்பது அரிது" என்று காரணத்துடன் விளக்குதல் நலம். களப்பணியாளரும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். மேற்கு வங்காளம் முதலிய பகுதிகளின் கிணற்று நீரில் தீங்கு செய்யும் ஆர்ஸெனிக், பெரும்பாலும் ஆக்ஸிஜனுடன் சேர்ந்த ஆர்ஸெனைட், ஆர்ஸெனேட் வடிவினதாகும். ஆர்ஸா-ஆல்கைன்களோ ஆய்வுக்கூடத்திற் படைக்கப்படுபவை. பெயரளவில் ஒரே மூலகமாயினும், இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.