கேம் பறக்கிறது, வீடியோ ஏன் திக்குகிறது?

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தை 4கே-யில் படம் பிடித்துவந்து எடிட்டிங்குக்கு உட்கார்ந்தால், கேமில் பறந்த கணினி திக்கித் திணறும். பணத்தில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குத்தானே போனது, பிறகு ஏன்?

கேமில் கார்டு ஒவ்வொரு காட்சியையும் புதிதாக வரைகிறது; நொடிக்கு 60 என்றால் ஒன்றுக்குச் சுமார் 16.7 மில்லி நொடி. வீடியோவிலோ முதல் வேலை, சுருக்கியதைப் பிரிப்பது. எச்.265 கோப்பில் சில காட்சிகள்தான் முழுசாக இருக்கும். மற்றவற்றில் மாறியது மட்டும். தேரின் அசைவு பதிவாகும், அசையாத கோபுரம் பழைய காட்சியிலிருந்து வரும். டைம்லைனில் ஓரிடத்தைத் தொட்டால் அதற்கு முந்தைய பலவற்றையும் பிரித்தாக வேண்டும். பின்னோக்கி இழுத்தால் இன்னும் மோசம்.

இப்படிப் பிரிப்பதற்கென்றே சிப்புக்குள் தனிச் சுற்று உண்டு. ஆனால் எல்லாச் சிப்பின் சுற்றும் எல்லா வகைக் கோப்பையும் பிரிக்காது. இப்போதைய கேமராக்கள் பல 10 பிட், 4:2:2 நிறத்தில் பதிகின்றன. என்விடியாவில் அதைப் பிரிக்கும் வசதி 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. இன்டெலின் 12-ஆம் தலைமுறையிலேயே இருந்தது. ஆனால் விலை குறைவென்று ரிச்சி தெருவில் 'எஃப்' என முடியும் இன்டெல் ப்ராசசரை வாங்கினால், உள்ளமைந்த கிராபிக்ஸோடு அந்தச் சுற்றும் போச்சு. கேம் மட்டும் ஆடுபவருக்கு அது லாபம். கல்யாண வீடியோக்காரருக்கு வீண் சிக்கனம்.

ரேம் 32 ஜிபி போதும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் வைப்பதானால் யுபிஎஸ் இல்லாமல் வேண்டாம். ரெண்டர் பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான்.