கட்டி முடித்த பிறகு மைக் மாட்டினால் போதுமா?

புதிதாக ஒரு சமுதாய நலக்கூடம் திறக்கிறோம். தரை பளபளக்கிறது, சுவரில் வண்ணம் மின்னுகிறது. மேடையில் ஒருவர் பேசத் தொடங்குகிறார். பாதிப் பேச்சு போவதற்குள் கடைசி வரிசையிலிருந்து, "அண்ணாச்சி, என்ன சொல்றீங்கன்னே வெளங்கல!" என்று குரல் வருகிறது. மைக் செட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டுகிறார். இரைச்சல்தான் கூடுகிறதே தவிர, வார்த்தை தெளியவில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. வார்டில் எந்தத் தெருவுக்கு முதலில் குடிநீர்க் குழாய் வரும், எந்தத் திட்டத்துக்கு யார் விண்ணப்பிக்கலாம், கடைசித் தேதி எது என்பதெல்லாம் இப்படிப்பட்ட கூடங்களில்தான் சொல்லப்படுகின்றன. காதில் விழாத தகவல் மக்களைச் சேராத தகவல்தான். சங்கரன்கோவில் ஒரு நகராட்சி. தென்காசி மாவட்டத்தின் வருவாய்க் கோட்டத் தலைமையிடமும்கூட. சுற்றுக் கிராமத்து மக்கள் கூட்டங்களுக்கும் மனு கொடுக்கவும் வந்துபோகும் ஊர். இங்கே கட்டப்படும் ஒவ்வொரு பொதுக் கட்டடமும் நன்றாகக் கேட்க வேண்டும், நன்றாகத் தெரிய வேண்டும். அதற்கு ஒரே வழி, ஒலி-ஒளி தொழில்நுட்ப வல்லுநரைத் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கூப்பிடாமல், வரைபடம் போடும் நாளிலேயே கூப்பிடுவதுதான்.

குறை மைக்கில் இல்லை, சுவரில் இருக்கிறது

ஆடித்தபசு நேரத்தில் ரத வீதிகளில் குழாய் ஸ்பீக்கர் கட்டும் நம்ம ஊர் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. ஆனால் திறந்த வெளியில் போன சத்தம் பெரும்பாலும் போனதுதான். நான்கு சுவருக்குள் அப்படியில்லை. டைல்ஸ், சிமென்ட் பூச்சு, கண்ணாடி மூன்றுமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஒரு வார்த்தை அடங்குவதற்குள் அடுத்த வார்த்தை அதன்மேல் ஏறிக்கொள்ளும். கோயில் கல் மண்டபத்தில் நீட்டிப் பாடும் பாட்டு இனிமையாக இருப்பதற்கும், அதே இடத்தில் வேகமாகப் பேசினால் புரியாமல் போவதற்கும் காரணம் ஒன்றுதான்.

சத்தம் இப்படி அடங்க எடுக்கும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்பார்கள். 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. ஒரு ஒலி அடங்க ஐந்தரை விநாடி ஆனது. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் குறைகிறது என்று இரவு இரவாக அளந்தார். அப்படிப் பிறந்த சூத்திரம்தான் இன்றும் பயன்படுகிறது. பிறகு 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்குக்கு, கட்டுவதற்கு முன்பே அவருடைய ஆலோசனை பெறப்பட்டது. உலகின் சிறந்த இசையரங்குகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது.

அந்தச் சூத்திரத்தை நம் கூடத்துக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் 20 மீட்டர், அகலம் 12 மீட்டர், உயரம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பக்கமும் வெறும் பூச்சும் டைல்ஸும்தான் என்றால், ஆளில்லாத கூடத்தில் எதிர்முழக்கம் சுமார் 8 விநாடி. 50 பேர் வந்து உட்கார்ந்தாலும் 4 விநாடிக்குக் கீழே இறங்காது. பேச்சு தெளிவாகக் கேட்க 1 விநாடி அளவுதான் இருக்க வேண்டும். அதே கூடத்தின் கூரை முழுக்க, தன்மேல் படும் ஒலியில் 70 விழுக்காட்டை உறிஞ்சும் பலகை அடித்தால், கூடம் காலியாக இருந்தாலும் 1 விநாடிக்கு வந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து ஸ்பீக்கர் வாங்கினாலும் இந்த வேலையைச் செய்யாது.

யார் இந்த ஒலி-ஒளி வல்லுநர்?

கருவி விற்பவர் வேறு, வாடகைக்கு மைக் செட் போடுபவர் வேறு, ஒலி-ஒளி அமைப்பை வடிவமைப்பவர் வேறு. மூன்றாமவர் கட்டடக் கலைஞர், கட்டுமானப் பொறியாளர், மின் பொறியாளர் ஆகியோருடன் ஒரே மேசையில் உட்கார வேண்டியவர். கூடம் எதற்குப் பயன்படும், எத்தனை பேர் உட்காருவார்கள், திரை எங்கே, ஒலிபெருக்கி எங்கே, கம்பி எந்த வழியாகப் போகும் என்று முடிவு செய்து வரைபடத்தில் குறித்துக் கொடுப்பது இவர் வேலை. இத்துறையில் அவிக்சா என்ற பன்னாட்டு அமைப்பு தகுதிச் சான்றிதழ் வழங்குகிறது. அரங்குகளின் ஒலியமைப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2526 என்ற நெறிமுறை 1963 முதலே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் ஒலியமைப்புக்குத் தனிப் பிரிவு உண்டு.

எந்தக் கட்டத்தில் என்ன வேலை?

வரைபடக் கட்டம்: கூடத்தின் வடிவம், கூரைப் பலகை, திரையின் இடம் எல்லாம் இப்போதே முடிவாக வேண்டும். எழுத்தைப் படிக்க வேண்டிய திரைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: கடைசி இருக்கையின் தூரத்தில் ஆறில் ஒரு பங்காவது திரையின் உயரம் இருக்க வேண்டும். 8 மீட்டர் நீள வகுப்பறைக்குச் சுமார் 1.3 மீட்டர் உயரத் திரை வேண்டும். 75 அங்குலத் திரையின் உயரம் 93 சென்டிமீட்டர்தான். கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாமல் போவது இதனால்தான். ஜன்னல் வெளிச்சம் நேராகத் திரைமேல் விழாமல் பார்ப்பதும் இந்தக் கட்டத்து வேலையே. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான திறன்மிகு வகுப்பறைகள் வந்துகொண்டிருக்கும் காலத்தில் இது முக்கியம்.

காங்கிரீட் போடுமுன்: கனமான ஒலிபெருக்கியும் புரொஜெக்டரும் தொங்கும் இடத்தில் கொக்கி, எடை தாங்கும் அமைப்பு. "அப்புறம் துளை போட்டுக்கலாம்" என்பது கம்பியை அறுப்பதில் போய் முடியும்.

பூச்சு வேலைக்கு முன்: மைக், வீடியோ கம்பிகளுக்குத் தனி பைப். மின்சாரக் கம்பியோடு ஒரே பைப்பில் போட்டால் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். நாளை புதுக் கம்பி இழுக்க இரண்டு காலிப் பைப்பும் விட்டுவைப்பது நல்லது.

தரை போடுமுன்: காது கேட்கும் கருவி அணிந்தவர்களுக்கான தூண்டல் வளையக் கம்பி. கூடத்தைச் சுற்றித் தரைக்கடியில் போகும் இந்தக் கம்பி, மைக்கில் பேசுவதை நேரடியாக அவர்களின் கருவிக்கு அனுப்பும். கருவியில் அதற்கான வசதி இருக்க வேண்டும். தரையில் உள்ள இரும்புக் கம்பி இதன் வலிமையைக் குறைக்கும் என்பதால் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பொது இடங்களில் தகவல் எல்லோரையும் எட்ட வேண்டும் என்கிறது. டைல்ஸ் பதித்த பின் இதை நினைத்தால் தரையைத்தான் உடைக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தையும் நினைக்க வேண்டும்

உள்ளே நன்றாகக் கேட்பது எவ்வளவு முக்கியமோ, வெளியே போகாமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மூடிய அரங்கம், சமுதாயக் கூடத்துக்குள் தகவல் சொல்வதற்கு விலக்கு உண்டு. ஜன்னலும் கதவும் எந்தப் பக்கம் என்பதை முன்பே யோசித்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை நிம்மதியாகப் படிக்கும். ஜெனரேட்டர் வைக்கும் இடத்துக்கும் இதே கவனம் வேண்டும்.

செலவு கூடுமா?

வரைபடத்தில் ஒரு கோடு மாற்றுவதற்கும், கட்டிய சுவரை உடைத்து மறுபடி பூசுவதற்கும் உள்ள வித்தியாசம் எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் தெரியும். மதிப்பீடு தயாரிக்கும்போதே ஒலி-ஒளிப் பணிகள் தனித்தனி இனமாக இடம்பெற வேண்டும். "இதரப் பணிகள்" என்று ஒரே வரியில் அடக்கினால், கட்டடம் முடியும் நேரத்தில் மிஞ்சிய பணத்துக்குக் கிடைத்த ஸ்பீக்கர்தான் வரும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• உங்கள் ஊரில் பள்ளிக் கட்டடமோ கூடமோ வரப்போகிறது என்றால், பள்ளி மேலாண்மைக் குழுவிலோ வார்டு கூட்டத்திலோ கேளுங்கள்: "ஒலி-ஒளி வரைபடம் தனியா இருக்கா? கூரையில என்ன பலகை போடுறீங்க?"

• மதிப்பீட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்துக் கேட்கலாம். நகலுக்கான பக்கக் கட்டணம் தனி.

• கட்டடம் ஒப்படைக்கும் நாளில் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். மேடையிலிருந்து ஒருவர் தொடர்பில்லாத 50 சொற்களை வாசிக்கட்டும். கடைசி வரிசையில், ஒரு முதியவர் உட்பட நான்கு பேர் காதில் விழுந்ததை எழுதட்டும். பத்துக்கு மேல் தவறினால், பாக்கி பில் தொகை தருமுன் சரிசெய்யச் சொல்லலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

• சொந்தமாகத் திருமண மண்டபம் கட்டுகிறவர்களுக்கும் இதே வரிசைதான். கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்கும் வாரத்திலேயே ஒலி-ஒளி வல்லுநரிடமும் வரைபடத்தைக் காட்டிவிடுங்கள்.