கருவுற்ற தாய்மாரும் டாக்சோபிளாஸ்மா நோயும்

இரயில்வே பட்டறையால் பெயர் பெற்ற செந்தூலில், அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளிலும் சந்தை ஓரங்களிலும் பூனைகள் திரிவதை நாம் காண்கிறோம். தோட்டங்களிலும் இதே நிலைதான். வீட்டில் ஒரு பெண் கருவுற்றதும், பூனையை உடனே விரட்டிவிட வேண்டும் என்று பெரியவர்கள் கூறுவதுண்டு. இதில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை ஆராய்வோம்.

டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்கிருமி 1908-ஆம் ஆண்டில் துனிஸ் நகரில் ஒரு கொறிவிலங்கின் உடலில் கண்டறியப்பட்டது. பூனையின் குடலில் பெருகும் இக்கிருமி, அதன் மலத்தோடு வெளியேறி மண்ணிலும் நீரிலும் கலக்கிறது. ஆடு, பன்றி முதலியவற்றின் தசையிலும் தங்கியிருக்கும். ஆகவே, நன்கு வேகாத இறைச்சியாலும், கழுவாத கீரை, காய்கறிகளாலும், மண் படிந்த கைகளாலும் நோய் பரவுகிறது. பூனையைத் தொடுவதால் மட்டும் இந்நோய் வருவது அரிது.

பெரும்பாலோருக்கு இந்நோயின் அறிகுறியே தெரிவதில்லை. கருவுற்ற காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான் சிசுவுக்கு ஆபத்து. கருச்சிதைவு நேரலாம்; குழந்தையின் தலையில் நீர் கோக்கலாம்; பிறந்து பல ஆண்டுகள் கழித்தும் கண் பார்வை கெடலாம். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட 200 கர்ப்பிணிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் இரத்தத்தில் இக்கிருமிக்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. முன்னரே தொற்றுக்கு உள்ளானவர்களின் சிசுவுக்குப் பொதுவாக ஆபத்தில்லை. எஞ்சியவர்களே மிகுந்த விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

தடுக்கும் வழிகள் எளியவை. இறைச்சியை உட்புறச் சிவப்பு மறையும்வரை வேகவைக்க வேண்டும். பச்சை இறைச்சியை நறுக்கிய கத்தியையும் பலகையையும் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். பச்சையாக உண்ணும் வல்லாரை போன்ற கீரைகளைப் பலமுறை அலச வேண்டும். குடிநீரைக் கொதிக்கவைத்துப் பருகுவது நன்று. தோட்ட வேலைக்குக் கையுறை அணிந்து, பின்னர் கைகளைக் கழுவுதல் அவசியம்.

பூனையை விரட்ட வேண்டியதில்லை. அதன் மலத்திலுள்ள கிருமி நோய் பரப்பும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும். ஆதலால், கணவரோ வீட்டிலுள்ள வேறொருவரோ அதை நாள்தோறும் அகற்றிவிட்டால் போதுமானது. பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுத்தலாகாது.

ஐயமுள்ள தாய்மார் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் மருத்துவரிடமோ தாதியிடமோ தயங்காது கேட்கலாம். இரத்தப் பரிசோதனையால் தொற்றை அறியலாம். உரிய காலத்தில் அறிந்தால் மருந்தும் உண்டு. தாயின் கவனத்தோடு குடும்பத்தாரின் ஒத்துழைப்பும் சேர்ந்தால்தான் குழந்தை நலமாகப் பிறக்கும் என்பதை நாம் உணர்வோமாக.