பிரிந்தவர் வருகையும் வீட்டு வரம்பும்

விவாகரத்து என்னும் சொல்லைத் தாழ்ந்த குரலில் சொல்லிவந்த காலம் மலையேறிவிட்டது. தில்லியிலும் மும்பையிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிடையே, பிரிந்து வாழும் தாய் தந்தையரும் அவர்களுக்குப் பொதுவான குழந்தையும் இன்று புதுமையான செய்தி அன்று. தீர்ப்போடு கணவன் மனைவி என்ற உறவு முடிகிறது; பெற்றோர் என்ற உறவு முடிவதில்லை. இவ்விரண்டும் உரசிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் வீட்டு வாசலாகவே இருக்கிறது.

குழந்தையைப் பார்க்கத் தந்தை வருகிறார். வந்தவரை வெளியே நிறுத்த மனம் வருவதில்லை. உள்ளே அழைத்துக் காப்பியும் கொடுக்கிறோம். அடுத்த வாரம் அவரே அடுக்களை வரை வருகிறார். மேசைமேல் கிடக்கும் வங்கிக் கடிதத்தில் அவர் கண் செல்கிறது. வந்து போகிறவர் யார், புதுத் திரைச்சீலைக்குப் பணம் ஏது என்றெல்லாம் கேள்விகள் எழுகின்றன. பழைய சாவி ஒன்று அவரிடம் இருந்துவிட்டாலோ, வீட்டில் ஆளில்லாத வேளையிலும் கதவு திறக்கும். கேட்டால், ‘குழந்தைக்காகத்தானே’ என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். குழந்தை தந்தையிடம் வளரும் வீட்டிலும் இதே கதைதான். பார்க்க வந்த தாய் சமையலறை டப்பாக்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போவதும் உண்டு.

ஊரில் நம் பாட்டன்மார் கட்டிய வீடுகளில் திண்ணை இருந்தது. வந்தவர் வழிப்போக்கரோ, கடன்காரரோ, சம்பந்தியோ, எவரை எவ்வளவு தூரம் உள்ளே விடுவது என்பதைத் திண்ணையும் ரேழியும் கூடமும் பேசாமலே தீர்மானித்துவிடும். செம்பூரிலோ ரோகிணியிலோ உள்ள இரண்டறைக் குடியிருப்பில் கதவைத் திறந்தால் வீடு முழுவதும் கண்ணில் படுகிறது. அன்று கட்டடம் செய்த வேலையை இன்று நாம் வாய்விட்டுச் சொல்லிச் செய்ய வேண்டியிருக்கிறது.

சொல்வதற்குச் சட்டம் துணை நிற்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர், கார்டியன் சட்டமும், எல்லா மதத்தினருக்கும் பொதுவான 1890-ஆம் ஆண்டின் கார்டியன், வார்டுகள் சட்டமும் குழந்தையின் நலனையே அளவுகோலாகக் கொள்கின்றன. குழந்தையைச் சந்திக்க நீதிமன்றம் ஒருவருக்கு அனுமதி தருமாயின், அது குழந்தையைப் பார்க்கும் உரிமை. உத்தரவில் அவ்வாறு எழுதப்பட்டாலன்றி, மற்றவர் வீட்டுக்குள் நுழையும் உரிமை ஆகாது. வீடு இருவர் பெயரிலும் இருக்குமானால் அது வேறு வழக்கு. அதை வழக்கறிஞரிடம் தனியே கேட்டறிய வேண்டும். குழந்தையின் பாதுகாப்புக் குறித்து 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனுச் செய்வோர், குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தையே நாட வேண்டும். சொந்த ஊர் வழக்கறிஞர் தெரிந்தவர் என்பதற்காக ரயிலேறுவோர் இதை முன்னரே அறிவது நன்று.

ஆதலின் ஏற்பாட்டை எழுத்தில் வைத்துக்கொள்ளுமாறு கூறுவோம். எந்தக் கிழமை, எத்தனை மணி, எங்கே ஒப்படைப்பது என்பன அதில் இருக்கட்டும். ஒப்படைக்கும் இடம் குடியிருப்பின் கீழ்வாசலாகவோ, பூங்காவாகவோ, பாட்டு வகுப்பின் படிக்கட்டாகவோ இருக்கலாம். சாவியைத் திரும்பப் பெறக் கூச்சமாயிருந்தால் பூட்டை மாற்றிவிடலாம்; அதற்கு விளக்கம் சொல்லவேண்டியதில்லை. வாயிற்காவலரிடமும் பள்ளி அலுவலகத்திலும், குழந்தையை அழைத்துச் செல்லத்தக்கவர் யார் யார் என்பதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சீருடை, மருந்து, பாடப்புத்தகம் ஆகியவற்றில் இயன்றவை இரண்டு வீட்டிலும் இருப்பின், மறந்துபோன பென்சில் பெட்டிக்காக இரவு ஒன்பது மணிக்கு எவரும் கதவைத் தட்டமாட்டார்.

தொலைபேசியும் ஒரு வாசலே. 2020-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் யஷிதா சாஹு வழக்கில், நேரில் சந்திப்பதோடு, பிரிந்திருக்கும் பெற்றோர் நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் குழந்தையுடன் பேசுவதும் வேண்டற்பாலது என்று கூறியது. நேரம் ஒன்றைக் குறித்துக் கொள்ளலாம். அந்நேரத்தில் படக்காட்சியோடு பேசும் குழந்தை வீட்டைச் சுற்றிக் காட்டும் ஒற்றனாகிவிடக் கூடாது. ஒரு நாற்காலியில் அமர்ந்து பேசப் பழக்கினால் போதும். பணம் எப்போது வரும் என்று குழந்தையின் வாயால் கேட்கச் செய்வது இதைவிடக் கொடிது. அதைப் பெரியவர்கள் தமக்குள் எழுத்தில் பேசிக்கொள்ளட்டும்.

நம்மைப் போன்றோர்க்கு வேறொரு தொல்லை உண்டு. ஊரிலிருந்து தாத்தா பாட்டி இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். ‘மருமகன் வந்தால் வாசலிலா நிற்பது?’ என்று பாட்டி கேட்பார். அவர் கேட்பதில் குற்றமில்லை. அவர் அறிந்த உலகம் அது. வருவதற்கு முன்பே தொலைபேசியில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுவது மரியாதை. பொங்கலுக்குக் குழந்தை யாரோடு, கோடை விடுமுறையில் சொந்த ஊருக்கு யாரோடு என்பதைப் பயணச்சீட்டு எடுக்கு முன்பே முடிவு செய்யவேண்டும். சங்க விழாக்களுக்கு இருவரும் வருதல் கூடும். அங்கே ‘அப்பா ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறார்?’ என்று குழந்தையைக் கேட்கும் அன்பர்கள், அன்பின் பெயரால் செய்யும் கொடுமையை உணர்ந்தாரில்லை.

அடியும் அச்சுறுத்தலும் இருந்த மணவாழ்வில் இந்த நயமெல்லாம் பொருந்தா. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீட்டையோ குழந்தையின் பள்ளியையோ நெருங்கலாகாது என்று உத்தரவு பெறலாம். விலகி வந்து தங்கியிருக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம். 181 என்னும் எண்ணில் மகளிர் உதவி கிடைக்கும். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

நான்கு வயதில் செய்துகொண்ட ஏற்பாடு பன்னிரண்டு வயதில் பொருந்தாது. பள்ளி மாறும், சிறுவனுக்கு ஞாயிறு காலையில் கிரிக்கெட் முக்கியமாகிவிடும். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, இத்தகைய உத்தரவுகளை அவ்வப்போது மாற்றியமைக்க நீதிமன்றத்துக்கு இடந்தருகிறது. குழந்தையின் விருப்பத்தை இயன்றவரை கருதவேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது.